லாக் ஏற்றிவிட்டால் தொடர்பு உறுதியாகிவிடுமா? ஹாம் ரேடியோ மின்பதிவேடுகள் வேலை செய்யும் விதம்

“லாக்கை ஏற்றிவிட்டேன், கன்ஃபர்ம் ஆகிவிட்டது” என்பார் ஒருவர். “ஈக்யூஎஸ்எல்லில் கார்டு வந்தாயிற்று, டிஎக்ஸ்சிசியில் ஒரு நாடு கூடிவிட்டது” என்பார் இன்னொருவர். “எஃப்டி8-இல் ஆர்ஆர்73 வந்ததே, அதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்?” என்பார் மற்றொருவர். (லாக் என்பது தொடர்புகளின் பதிவேடு. ஈக்யூஎஸ்எல் மின்கார்டு அனுப்பும் தளம். டிஎக்ஸ்சிசி பல நாடுகளோடு பேசியதற்கான விருது. எஃப்டி8 கணினி வழியே குறுஞ்செய்திகள் அனுப்பும் முறை, ஆர்ஆர்73 அதில் வரும் முடிவுச் செய்தி.) மூன்று பேரும் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே சொல்லால் சொல்கிறார்கள். மூன்றுமே தவறு. உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் இந்தக் குழப்பத்தோடுதான் தொடங்குகிறார்கள். வருடக்கணக்கில் இயக்கிய பிறகும் அது தீராமல், ஏற்றியதில் பாதிகூட உறுதியாகவில்லையே, இணையதளத்தில் ஏதோ கோளாறு என்று புலம்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கோளாறு இணையதளத்தில் இருப்பதில்லை.

எதை உறுதி செய்கிறோம்?

உரிமம் பெற்ற ஒவ்வொரு ஹாமுக்கும் அரசு ஒரு கால்சைன் தருகிறது. எழுத்தும் எண்ணும் கலந்த இந்த அழைப்புக்குறி உலகில் வேறு யாருக்கும் இருக்காது. இரண்டு ஹாம்கள் வானொலியில் ஒருவர் கால்சைனை மற்றவர் சரியாகக் கேட்டு, சிக்னல் எப்படி இருக்கிறது என்று சொல்லி, சொன்னது வந்து சேர்ந்தது என்று ஒப்புக்கொண்டால் அது ஒரு தொடர்பு. ஹாம்களின் பேச்சில் க்யூஎஸ்ஓ. அதை இருவரும் அவரவர் லாக்கில், அதாவது பதிவேட்டில், எழுதி வைக்கிறார்கள்.

எஃப்டி8-இல் வரும் ஆர்ஆர்73 இந்த ஒப்புதல்தான். “நீ அனுப்பியது எனக்குக் கிடைத்தது, முடித்துக்கொள்வோம்” என்பது அதன் பொருள். தொடர்பு அதோடு நிறைவாகிறது. ஆனால் அது அந்த இருவருக்குள் நடந்த விஷயம். மூன்றாவது ஆள் ஒருவருக்கு, உதாரணமாக விருது தரும் அமைப்புக்கு, அது நடந்தது என்று எப்படித் தெரியும்? அங்கேதான் க்யூஎஸ்எல் வருகிறது. தொடர்பு நடந்ததற்குப் பிறகு தரப்படும் சாட்சியம் அது. பல பத்தாண்டுகளாக அஞ்சல் அட்டை வடிவில் போய்வந்தது, இன்றும் போய்வருகிறது.

விருதுகளே இந்தச் சாட்சியத்துக்கான முக்கியக் காரணம். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் தரும் டிஎக்ஸ்சிசி விருதுக்குக் குறைந்தது 100 நாடுகளோடு, அல்லது தனியாகக் கணக்கிடப்படும் தீவு போன்ற பகுதிகளோடு, உறுதியான தொடர்பு வேண்டும். பட்டியலில் இப்போது இருப்பவை 340. தொடர்பு கொண்டால் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் உறுதியாகியிருக்க வேண்டும்.

இரண்டு கணக்குப் புத்தகங்கள்

இரண்டு வியாபாரிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கொடுத்ததை ஒருவரும் வாங்கியதை மற்றவரும் அவரவர் புத்தகத்தில் எழுதி வருகிறார்கள். இருவருக்கும் பொதுவான கணக்கர் ஒருவர் இரண்டு புத்தகங்களையும் வாங்கி வரிவரியாக ஒப்பிடுகிறார். இருபுறமும் நேராக இருக்கும் வரிக்கு மட்டும் டிக் அடிக்கிறார். ஒரு புத்தகத்தில் மட்டும் இருக்கும் வரியை அப்படியே விட்டுவிடுகிறார். முக்கியமாக, ஒருவர் புத்தகத்தை மற்றவரிடம் அவர் காட்டுவதே இல்லை.

ஏஆர்ஆர்எல் 2003-இல் தொடங்கிய லாக்புக் ஆஃப் த வேர்ல்ட் செய்வது இந்தக் கணக்கர் வேலைதான். அதைச் சுருக்கி எல்ஓடிடபிள்யூ என்பார்கள். அங்கே நீங்கள் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. “எனக்கு இன்னும் எல்ஓடிடபிள்யூ அனுப்பவில்லையே” என்று எதிராளியிடம் கேட்பதே தவறான கேள்வி. அவர் தன் லாக்கை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேரும் தனித்தனியே ஏற்றி, இரண்டு பதிவும் ஒன்றையே சொன்னால் உறுதி. ஒருவர் மட்டும் ஏற்றினால் எத்தனை வருடமானாலும் அந்த வரி டிக் இல்லாமல் கிடக்கும்.

கார்டு என்பது ஒரு புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து எதிராளியிடம் கொடுப்பது. மின்பதிவேடு என்பது இரண்டு புத்தகங்களையும் ஒப்பிடுவது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் விவரம்தான்.

எது பொருந்த வேண்டும், எது வேண்டாம்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் நிறையப் பேர் ஒரே லாக்கைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள். எல்ஓடிடபிள்யூ ஒப்பிடுவது மிகச் சிலவற்றையே.

முதலாவது, இரண்டு கால்சைன்களும். நீங்கள் எழுதிய எதிராளியின் கால்சைன், அவர் லாக்கை ஏற்றிய கால்சைனோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், மறுபக்கமும் அப்படியே. அவர் பயணத்தில் இருந்து, கால்சைனுக்குப் பின்னால் சாய்கோடும் ‘பி’ எழுத்தும் சேர்த்துச் சொல்லியிருந்தால், நீங்களும் அதைச் சேர்த்தே எழுத வேண்டும். விட்டுவிட்டால் அது வேறு கால்சைன்.

இரண்டாவது, நேரம். இரு பதிவுகளின் தொடக்க நேரங்களுக்கு இடையே 30 நிமிடம் வரை வித்தியாசம் இருக்கலாம். மூன்றாவது, பேண்ட், அதாவது 20 மீட்டர், 40 மீட்டர் என்ற அலைவரிசைப் பகுதி. நான்காவது, மோடு, அதாவது எந்த முறையில் பேசினீர்கள் என்பது. மோடு அச்சு அசலாக ஒன்றாக இல்லாவிட்டாலும் ஒரே வகையைச் சேர்ந்ததாக இருந்தால் போதும்: குரல், மோர்ஸ், டேட்டா, படம் என்பவை அந்த வகைகள். செயற்கைக்கோள் வழியாகப் பேசியிருந்தால் மட்டும் இருவரும் பரவல் முறையைச் செயற்கைக்கோள் என்று குறித்து, அதன் பெயரையும் ஒன்றாக எழுதியிருக்க வேண்டும்.

மற்ற எதுவும் ஒப்பிடப்படுவதில்லை. சிக்னல் ரிப்போர்ட் 59 என்று நீங்களும் 57 என்று அவரும் எழுதியிருந்தால் பரவாயில்லை. பெயர், ஊர், ஆண்டெனா, வாட் எதுவும் பொருட்டில்லை. அதிர்வெண்கூட வேண்டாம், நீங்கள் 14.074 மெகாஹெர்ட்ஸ் என்றும் அவர் 14.076 என்றும் எழுதினாலும் இரண்டும் 20 மீட்டர்தான்.

ஒரு பதிவைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். எஃப்டி8-இல், 20 மீட்டரில், 2024 மார்ச் 11, யூடிசி 22:40-க்கு ஒரு தொடர்பு. யூடிசி என்பது உலகத்துக்கே பொதுவான நேரம்; ஹாம் லாக் எங்கும் அதில்தான் எழுதப்படும். எதிராளி 22:41 என்று பதிந்திருக்கிறார். பொருந்தும். இப்போது உங்கள் பக்கத்தில் என்னென்ன தவறலாம்?

உள்ளூர் நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கும் இடத்தில், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கையால் எழுதினால் அது மார்ச் 12, அதிகாலை 04:10. அப்படியே ஏற்றினால் ஒரு வரியும் பொருந்தாது. இன்னும் மோசமானது பாதி மாற்றுவது: நேரத்தை 22:40 என்று திருத்திவிட்டு, தேதியை 12 என்றே விட்டுவிடுவது. இப்போது 24 மணி நேரம் தள்ளிப்போகிறது. இந்தத் தவறு அதிகாலை 5.30-க்கு முந்தைய தொடர்புகளில் மட்டுமே தலைகாட்டும் என்பதால் கண்டுபிடிக்கக் கஷ்டம். லாக்கில் பகல் தொடர்புகள் எல்லாம் உறுதியாகும், விடியற்காலைத் தொடர்புகள் மட்டும் ஆகாது. உங்கள் கணக்கில் அப்படி ஒரு தினுசு தெரிந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது மோடு. எஃப்டி8 ஒலியை டிரான்ஸ்ஸீவர், குரலுக்குப் பயன்படும் எஸ்எஸ்பி மோடின் மேல்பக்கப் பட்டையில்தான் அனுப்புகிறது. ரேடியோவோடு கேபிளில் இணைந்திருக்கும் சில லாக் மென்பொருள்கள், ரேடியோவின் திரையில் இருக்கும் மோடை எடுத்து ‘எஸ்எஸ்பி’ என்று பதிந்துவிடும். உங்கள் பக்கம் குரல், அவர் பக்கம் டேட்டா. வகையே வேறு, பொருந்தாது. அதே நேரம், நீங்கள் எஃப்டி8 என்றும் அவர் ஆர்டிடிஒய் என்றும் எழுதியிருந்தால் இரண்டும் டேட்டா என்பதால் பொருந்திவிடும்.

பேண்டும் இப்படித்தான். கேபிள் இணைப்பு நடுவில் அறுந்தால் மென்பொருள் கடைசியாகத் தெரிந்த பேண்டையே பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் 20 மீட்டருக்குத் தாவியிருப்பீர்கள், லாக் 17 மீட்டர் என்றே எழுதிக்கொண்டிருக்கும். ஒரு மாலை முழுக்க வீணாகும்.

கால்சைன் பிழைகள் கையால் இயக்குகிறவர்களுக்கே உரியவை. எழுத்து ‘ஓ’வும் எண் ‘0’வும் தட்டச்சில் குழம்பும். மோர்ஸில் ‘எஸ்’ மூன்று புள்ளி, ‘ஹெச்’ நான்கு புள்ளி, 5 ஐந்து புள்ளி. வேகமாக வரும்போது, சத்தத்தில் ஒரு புள்ளி விழுங்கப்பட்டால் ஆள் மாறிவிடுவார். கால்சைனின் நாட்டு முன்னொட்டு அப்படி மாறினால், பேசாத ஒரு நாட்டைப் பேசியதாக லாக் காட்டும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: இரு கால்சைன்கள், 30 நிமிட எல்லைக்குள் நேரம், பேண்ட், மோடு வகை. உறுதியாகாத ஒரு வரியை ஆராயும்போது இந்த நான்கை மட்டும் பாருங்கள்.

பொய்யாக ஏற்ற முடியாதா? முத்திரையின் வேலை

கணக்கர் உதாரணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேறு யாரோ உங்கள் பெயரில் ஒரு புத்தகம் தயாரித்துக் கொடுத்தால்? இதைத் தடுப்பதற்குத்தான் எல்ஓடிடபிள்யூவில் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் அந்தச் சான்றிதழ் நடைமுறை.

டிக்யூஎஸ்எல் என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியில் நிறுவி, கால்சைனுக்குச் சான்றிதழ் கேட்கும்போது, அது இரண்டு சாவிகளை உருவாக்குகிறது. இவை பெரிய எண்களே. ஒன்றால் போட்ட கையொப்பத்தை மற்றொன்றால் சரிபார்க்க முடியும், ஆனால் சரிபார்க்கும் சாவியிலிருந்து கையொப்பம் போடும் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. கையொப்பம் போடும் சாவி தனிச்சாவி. அது உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. சரிபார்க்கும் சாவி பொதுச்சாவி. அது ஏஆர்ஆர்எல்லுக்குப் போகிறது. அவர்கள் உங்கள் உரிமத்தைப் பார்த்து, ‘இந்தப் பொதுச்சாவி இந்தக் கால்சைனுக்கு உரியது’ என்று தாங்களே கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதுதான் கால்சைன் சான்றிதழ்.

அதன் பிறகு நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு பதிவையும் டிக்யூஎஸ்எல் தனிச்சாவியால் கையொப்பமிடுகிறது. வழியில் ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது. அனுப்பியது நீங்கள்தான், அனுப்பியது அப்படியே வந்திருக்கிறது என்ற இரண்டையும் மறுமுனை இதை வைத்தே அறிகிறது.

இந்த முத்திரை எதை நிரூபிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தொடர்பு உண்மையில் நடந்தது என்று அது நிரூபிக்காது. இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு நடக்காத தொடர்பை ஏற்றினால் பொருந்தத்தான் செய்யும். கார்டிலும் அதே கதைதான். யார் சொன்னது என்பதற்கு மட்டுமே கையொப்பம் உத்தரவாதம். சொன்னது உண்மையா என்பது ஆளின் நேர்மையைப் பொறுத்தது.

சான்றிதழ் வாங்குவது

டிக்யூஎஸ்எல்லை முதல்முறை திறந்ததும் சான்றிதழ் விண்ணப்பம் தொடங்கும். கால்சைன், நாடு, முதல் தொடர்பின் தேதி, பெயர், முகவரி, மின்னஞ்சல் கேட்கும். முடிவில் டிக்யூ5 என்ற பின்னொட்டுள்ள கோப்பு உருவாகி ஏஆர்ஆர்எல்லுக்குப் போகும். அமெரிக்காவில் இருப்பவர்களின் முகவரியை ஒரு அஞ்சல் அட்டை மூலம் சரிபார்க்கிறார்கள். மற்ற நாட்டவர் ஹாம் உரிமத்தின் நகலையும், அதே பெயர் உள்ள இன்னொரு அடையாள ஆவணத்தின் நகலையும் அனுப்ப வேண்டும். பெயர் எழுத்துக்கூட்டல் இரண்டிலும் ஒத்துப்போகாவிட்டால் தாமதமாகும். ஒப்புதலானதும் டிக்யூ6 கோப்பு மின்னஞ்சலில் வரும். அதை டிக்யூஎஸ்எல்லில் திறந்தால் சான்றிதழ் தயார். அதே மின்னஞ்சலில் இணையதளத்துக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். இணையதளக் கணக்கும் சான்றிதழும் தனித்தனி விஷயங்கள். ஒன்றின் கடவுச்சொல் மற்றதைத் திறக்காது.

தவறு நடக்கும் இடங்கள் சில. விண்ணப்பித்த பிறகு கணினியை ஃபார்மேட் செய்துவிட்டு, வந்த டிக்யூ6 கோப்பைப் புதிய நிறுவலில் திறப்பது முதலாவது. தனிச்சாவி பழைய நிறுவலோடு அழிந்துவிட்டது, வந்த கோப்பில் பொதுச்சாவி மட்டுமே உண்டு, வேலை செய்யாது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான். விண்ணப்பித்த அதே கணினியில் திறந்து, உடனே பி12 கோப்பாகச் சேமித்துப் பென் டிரைவில் வையுங்கள். சாவி, சான்றிதழ் இரண்டும் அதில் சேர்ந்திருக்கும்; வேறு கணினிக்கு மாற்ற அது ஒன்று போதும்.

தனிச்சாவிக்குக் கடவுச்சொல் போட டிக்யூஎஸ்எல் கேட்கும். கட்டாயமில்லை. மறந்தால் மீட்க வழியே இல்லை. பலர் பயன்படுத்தும் கிளப் கணினி என்றால் போடலாம், உங்கள் சொந்தக் கணினிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

தேதிகளில் இன்னொரு சிக்கல். ‘முதல் தொடர்பின் தேதி’ என்ற இடத்தில் விண்ணப்பிக்கும் நாளைப் போட்டுவிட்டால், அதற்கு முந்தைய தொடர்புகளை டிக்யூஎஸ்எல் ஏற்காது. அந்தக் கால்சைன் உங்களுக்கு வந்த நாளைப் போடுங்கள். ‘கடைசித் தொடர்பின் தேதி’யைக் காலியாக விடுங்கள், அது கைவிட்ட பழைய கால்சைன்களுக்கு மட்டுமே. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். காலாவதிக்கு முன்பே டிக்யூஎஸ்எல்லில் புதுப்பித்தால் ஆவணங்களை மறுபடி அனுப்ப வேண்டியிருக்காது.

பழைய காகித லாக்குகளைத் தட்டச்சு செய்து ஏற்றுவதிலும் தடையில்லை. டிஎக்ஸ்சிசிக்கு 1945 நவம்பர் 15 முதலான தொடர்புகள் செல்லும்.

எங்கிருந்து இயக்கினீர்கள்?

நிலைய இடம் என்ற ஒன்றை டிக்யூஎஸ்எல்லில் உருவாக்க வேண்டும். கால்சைன், நாடு, உலக வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்த கிரிட் எனப்படும் கட்டக் குறியீடு, மண்டல எண்கள் ஆகியவை அதில் இருக்கும். இது ஒப்பீட்டில் பங்கெடுப்பதில்லை. ஆனால் பொருந்திய பிறகு உங்கள் எதிராளிக்கு எந்த நாடு, எந்தக் கட்டம் வரவாக வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. வெளியூர் போய் இயக்கிவிட்டு வீட்டு இடத்திலேயே கையொப்பமிட்டால் தொடர்பு உறுதியாகும். அவருக்குத் தவறான கட்டம் வரவாகும். உங்கள் கவனக்குறைவு அவருடைய விருதுக் கணக்கில் போய் உட்காரும்.

டிக்யூஎஸ்எல்லின் வழக்கமான அமைப்பில், ஒரு கோப்பில் இருக்கும் எல்லாப் பதிவுகளுக்கும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே இடம்தான் போடப்படும். ஆகவே மூன்று இடங்களில் இயக்கியிருந்தால் லாக்கை மூன்றாகப் பிரித்து, மூன்று முறை கையொப்பமிட்டு ஏற்ற வேண்டும். கால்சைனோடு நாட்டு முன்னொட்டோ ‘பி’யோ சேர்த்து இயக்கியிருந்தால் அந்த வடிவத்துக்கே தனிச் சான்றிதழ் வேண்டும்.

ஏற்றுவது

லாக் மென்பொருளிலிருந்து ஏடிஐஎஃப் கோப்பாக வெளியே எடுங்கள். எல்லா ஹாம் மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவம் அது. ஒவ்வொரு தகவலும் தன் பெயரையும் எழுத்து எண்ணிக்கையையும் முன்னால் வைத்து எழுதப்பட்டிருக்கும். டிக்யூஎஸ்எல்லில் ‘கையொப்பமிட்டு ஏற்று’ என்பதைத் தேர்ந்து, இடத்தைக் குறித்து, கோப்பைக் கொடுத்தால் அது டிக்யூ8 வடிவில் மாறிப் போய்ச் சேரும். பல லாக் மென்பொருள்கள் இதை ஒரே பொத்தானில் செய்துவிடுகின்றன.

ஏற்கெனவே ஏற்றிய பதிவுகள் கோப்பில் இருந்தால் டிக்யூஎஸ்எல் எச்சரிக்கும். அவற்றை விலக்கிவிட்டுப் புதியவற்றை மட்டும் அனுப்பும்படி சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் முழு லாக்கையும் திணிப்பதால் உறுதி விரைவாக வராது. வரிசை நீளும், அவ்வளவே.

ஏற்றியதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். இணையதளத்தில் உங்கள் கணக்கின் நடவடிக்கைப் பக்கத்தில், அந்தக் கோப்பு எப்போது பரிசீலிக்கப்பட்டது, எத்தனை பதிவு ஏற்கப்பட்டது, எத்தனை பிழை என்று வரிசையாக இருக்கும். பெரிய போட்டிகள் முடிந்த அடுத்த நாட்களில் வரிசை நீளமாக இருக்கும். சாதாரண நாட்களில் சீக்கிரம் முடிந்துவிடும்.

தவறான பதிவை ஏற்றிவிட்டால்? அழிக்க முடியாது, அழிக்கவும் தேவையில்லை. உங்கள் லாக்கில் திருத்தி, அந்த ஒரு பதிவை மட்டும் மறுபடி ஏற்றினால் போதும். பழைய தவறு பொருந்தும் ஜோடி இல்லாமல் அப்படியே கிடக்கும், யாருக்கும் இடையூறில்லை.

லாக் மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே இரண்டு குறிகள் இருப்பதைக் கவனியுங்கள்: ஏற்றப்பட்டது, உறுதியானது. இரண்டாவது குறி தானாக மாறாது. எல்ஓடிடபிள்யூவிலிருந்து உறுதிகளின் பட்டியலை இறக்கி லாக்கோடு சேர்க்க வேண்டும். முதல் குறியைப் பார்த்துவிட்டு உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் கட்டுரையின் முதல் வரியில் பேசியவர்கள்.

எந்த உறுதி எங்கே செல்லும்?

எல்ஓடிடபிள்யூ மட்டுமே இல்லை. மற்றவை வேறு வேலை செய்கின்றன, அவற்றை ஒரே தட்டில் வைப்பதால்தான் குழப்பம்.

ஈக்யூஎஸ்எல் காகிதக் கார்டின் மின்வடிவம். நீங்கள் லாக்கை ஏற்றினால் எதிராளியின் பெட்டியில் ஒரு கார்டு போய் விழும். அதை அவர் பார்க்கலாம், ஏற்கலாம், நிராகரிக்கலாம். உரிமத்தின் நகலைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டவர்களுக்கு அங்கே ‘நம்பகத்தன்மை உறுதி’ என்ற தகுதி கிடைக்கும். ஈக்யூஎஸ்எல்லின் சொந்த விருதுகளுக்கும், சிக்யூ என்ற ஹாம் இதழின் பெயரில் தரப்படும் சில விருதுகளுக்கும் அந்தத் தகுதி பெற்றவர்களின் கார்டுகள் செல்லும். ஏஆர்ஆர்எல்லின் டிஎக்ஸ்சிசிக்கு எந்த ஈக்யூஎஸ்எல் கார்டும் செல்லாது. முதல் பத்தியில் பேசிய இரண்டாமவர் இடறியது இங்கே.

க்யூஆர்இசட் தளத்தின் லாக்புக்கும் இரு பக்கப் பதிவுகளை ஒப்பிட்டு உறுதி காட்டும். அது அந்தத் தளத்தின் விருதுகளுக்கு. கிளப் லாக் என்ற தளம் உறுதிப்படுத்தும் சேவையே அல்ல. எந்த நாடு பேசியாயிற்று, எது பாக்கி என்று கணக்குப் பார்க்கவும், அரிய தீவுகளுக்குப் பயணம் போகும் குழுக்களிடம் இணையத்திலேயே கார்டு கேட்கவும் அது உதவுகிறது. அத்தகைய குழுவின் லாக்கில் உங்கள் கால்சைன் இருக்கிறதா என்று அங்கே தேடிப் பார்க்கலாம். இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அது உறுதி ஆகாது. அவர்கள் எல்ஓடிடபிள்யூவில் ஏற்றும்வரையோ கார்டு அனுப்பும்வரையோ காத்திருக்கத்தான் வேண்டும். பல குழுக்கள் எல்லோருக்குமான ஏற்றத்தைச் சில மாதம் கழித்தே செய்கின்றன.

ஒரு தளத்தில் ஏற்றியது மற்றொன்றுக்குத் தானாகப் போகாது. போட்டி நடத்துகிறவர்களுக்கு லாக் அனுப்புவதும் எல்ஓடிடபிள்யூவில் ஏற்றுவதும் வேறு வேறு. போட்டிக்கு அனுப்பிவிட்டு இதை மறந்துபோகிறவர்கள் ஏராளம். ஒரு விருது எந்தச் சாட்சியத்தை ஏற்கும் என்பது அந்த விருதின் விதி. பார்க்ஸ் ஆன் த ஏர் திட்டத்தில் பூங்காவிலிருந்து இயக்குகிறவர் லாக் ஏற்றினாலே போதும், அவரோடு பேசியவருக்குத் தானாக வரவு வந்துவிடும். அங்கே இரண்டாவது புத்தகமே தேவையில்லை.

எல்ஓடிடபிள்யூவில் லாக் ஏற்றுவதும் பொருத்திப் பார்ப்பதும் இலவசம். உறுதியானவற்றை விருதுக் கணக்கில் வரவு வைக்க விண்ணப்பிக்கும்போதுதான் கட்டணம்.

இன்னும் உறுதியாகவில்லை என்றால்

மிகச் சாதாரணமான காரணம், அவர் எல்ஓடிடபிள்யூவைப் பயன்படுத்துவதே இல்லை என்பது. ஒரு கால்சைன் கடைசியாக எப்போது ஏற்றியது என்று தளத்திலேயே பார்க்கலாம். லாக் மென்பொருள்கள் பலவும் அந்தப் பட்டியலை இறக்கி, பேசும்போதே வண்ணத்தில் காட்டும். உங்கள் தொடர்புக்குப் பிறகு அவர் எதையும் ஏற்றவில்லை என்றால் காத்திருங்கள்.

ஏற்றியிருந்தும் பொருந்தவில்லை என்றால், மேலே சொன்ன நான்கையும் உங்கள் லாக்கில் சரிபாருங்கள். உங்கள் பக்கம் சுத்தம் என்று தெரிந்தால், தேதி, யூடிசி நேரம், பேண்ட், மோடு குறிப்பிட்டு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்பி, ‘உங்கள் லாக்கில் நான் இருக்கிறேனா?’ என்று கேட்கலாம். ‘லாக்கில் இல்லை’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடுவதுதான் மரியாதை. அவர் உங்கள் கால்சைனைத் தப்பாகக் கேட்டிருக்கலாம், அல்லது உங்கள் கடைசி ஒப்புதல் அவருக்குக் கேட்காமலே போயிருக்கலாம்.

இங்கே ஒரு சலனம் வரும்: அவர் நேரத்தைத் தெரிந்துகொண்டு நம் லாக்கை அதற்கேற்ப மாற்றிவிடலாமே என்று. உங்கள் லாக்கில் உண்மையிலேயே தட்டச்சுப் பிழை இருந்தால் திருத்துங்கள். பொருந்த வேண்டும் என்பதற்காக மட்டும் மாற்றினால், இரண்டு சாட்சிகளில் ஒருவர் மற்றவரைப் பார்த்துக் காப்பியடிக்கிறார். ஒப்பீட்டுக்கே அர்த்தம் போய்விடுகிறது. எதிராளி என்ன எழுதினார் என்பதை, பொருந்தும்வரை எல்ஓடிடபிள்யூ உங்களுக்குக் காட்டுவதில்லை. பலருக்கு இது எரிச்சல். என்னைக் கேட்டால், அதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

உங்கள் சொந்த லாக்கைப் பத்திரப்படுத்துவது இதோடு சேர்ந்த விஷயம். எல்ஓடிடபிள்யூ ஒரு காப்பு நகல் அல்ல. பெயர், ரிப்போர்ட், குறிப்புகள் எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. 2024 மே மாத நடுவில் ஏஆர்ஆர்எல்லின் கணினிகள் தாக்கப்பட்டபோது சேவை நின்று, ஜூலை 1 அன்றுதான் திரும்பியது. சொந்த லாக்கை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் சேர்ந்ததை மொத்தமாக ஏற்றினார்கள், வேறொன்றும் இழக்கவில்லை. ஏடிஐஎஃப் நகலை மாதம் ஒருமுறை வேறொரு வட்டில் எடுத்து வையுங்கள், பி12 கோப்போடு சேர்த்து.

மின்பதிவேட்டுக்கு வரவே வராத ஹாம்களும் இருக்கிறார்கள். அரிய நாட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான் என்றால் கார்டுதான் வழி: நேரடி அஞ்சலில், அல்லது கார்டுகளைத் திரட்டி அனுப்ப சங்கங்கள் நடத்தும் க்யூஎஸ்எல் பீரோ வழியாக. பீரோ வழி மலிவு, ஆனால் வருடக்கணக்கில் ஆகலாம். அப்படி வரும் கார்டை டிஎக்ஸ்சிசி கார்டு சரிபார்ப்பாளர் ஒருவரிடம் காட்டினால், எல்ஓடிடபிள்யூவில் உறுதியான நாடுகளோடு சேர்ந்து அதே கணக்கில் அதுவும் வரவாகும்.